பி, க்யூ, ஆர், எஸ்: துண்டு வாக்கியக் கேள்வியை விட்டுவிடலாமா?

ஜூன் 7 (கோபியிலிருந்து ஒரு தம்பி கேட்டது)

அண்ணா, கல்லூரி வரை தமிழ் வழியில் படித்தவன் நான். மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. பட்டதாரித் தேர்வுக்குத் தயார் செய்கிறேன். ஆங்கிலத்தில் மற்றவை ஒருவாறு பிடிபட்டுவிட்டன. ஒரு வாக்கியத்தை நான்காக வெட்டி, பி, க்யூ, ஆர், எஸ் என்று பெயர் வைத்துக் கலைத்துப் போட்டு, வரிசைப்படுத்தச் சொல்கிறார்களே, அதுதான் உதைக்கிறது. ஐந்தில் மூன்று தவறு. துண்டுகளைத் தமிழாக்கி அடுக்கிப் பார், தானாக வரும் என்கிறான் என் அறைத்தோழன். அப்படித்தான் செய்கிறேன். நேற்றுத் தவறவிட்டது இது:

பி: ஹூ ஹேட் கம் ஃப்ரம் காங்கேயம்
க்யூ: தி ஃபார்மர்
ஆர்: டு தி சேம் டிரேடர்
எஸ்: சோல்ட் ஹிஸ் புல்ஸ்

கொடுத்த விடைகள்: அ) பி க்யூ ஆர் எஸ், ஆ) க்யூ பி எஸ் ஆர், இ) எஸ் ஆர் க்யூ பி, ஈ) ஆர் எஸ் பி க்யூ. நான் அ என்றேன். சரியானது ஆ என்று போட்டிருக்கிறது. இந்த வகைக் கேள்வியையே விட்டுவிடலாமா?

ஜூன் 7, இரவு

விடாதே. காரணத்தைப் பிறகு சொல்கிறேன், அது கணக்கு. முதலில் உன் தவறைப் பார்ப்போம். அது அழகான தவறு.

துண்டுகளைத் தமிழ் எழுத்தில் அனுப்பியது நல்லதாகப் போயிற்று. கண்ணுக்கு முள்ளாகத்தான் இருக்கிறது. ஆனால் வாய்விட்டுப் படிக்காமல் புரியாது, இந்தக் கேள்விக்கு வாய்விட்டுப் படிப்பது பாதி மருந்து. நானும் அப்படியே எழுதுகிறேன்.

இப்போது உன் விடையைத் தமிழில் சொல்: காங்கேயத்திலிருந்து வந்திருந்த, விவசாயி, அதே வியாபாரியிடம், தன் காளைகளை விற்றார். பி, க்யூ, ஆர், எஸ். ஒரு பிசிறு இல்லாத தமிழ் வாக்கியம். நீ ஆங்கிலக் கேள்விக்குத் தமிழில் நூற்றுக்கு நூறு வாங்கியிருக்கிறாய்.

நமக்கு வினை கடைசியில் வரும், அவர்களுக்கு எழுவாயை அடுத்து வரும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கவனிக்க வேண்டியது இன்னொன்று. நம் பெயரெச்சம் தனக்கு அடுத்து வரும் பெயரைப் பிடிக்கும்: 'வந்திருந்த விவசாயி'. அவர்களுடைய ஹூ தனக்கு முந்தைய பெயரைப் பிடிக்கும். பிடிக்கும் திசையே வேறு. அதனால் இப்படி ஒரு பெயரைப் பிடிக்கும் 'ஹூ'வில் தொடங்கும் துண்டு தலையில் நிற்கவே முடியாது. உன் விடை அந்த ஒரு காரணத்தாலேயே விழுந்துவிட்டது.

எண்ணிக்கையைக் கண்டு பயப்படாதே. நான்கு துண்டை 24 விதமாக அடுக்கலாம். ஆறு துண்டு என்றால் 120. ஆனால் தாளில் நான்கு விடைதான் இருக்கும். இந்தக் கேள்வியில் நான்கும் வெவ்வேறு எழுத்தில் தொடங்குகின்றன. முதல் துண்டைக் கண்டுபிடித்த மறுநொடி வேலை முடிந்தது.

ஜூன் 8

ஒரு வழி சொல்கிறேன். நான் வகுப்பில் சொல்வது இதுதான்.

வினையைத் தேடு. இங்கே இரண்டு இருக்கின்றன: 'ஹேட் கம்', 'சோல்ட்'. முதலாவதன் வாசலில் 'ஹூ' காவல் நிற்கிறது. ஹூ, விச், தட், வென், இஃப், பிகாஸ் என்று யாராவது காவல் நிற்கும் வினையை ஒதுக்கி வை. காவல் இல்லாமல் ஒன்று மிஞ்சும். அதுதான் வாக்கியத்தின் முற்று. அதற்கு முன்னால் எழுவாய், பின்னால் மற்றதெல்லாம். பத்து விதி மனப்பாடம் செய்ய வேண்டாம், இந்த ஒன்று போதும்.

ஜூன் 8, மதியம்

ஆறு துண்டுக்கு 120 என்று எழுதிவிட்டேன். ஐந்துக்குத்தான் 120. ஆறுக்கு 720. கண்டுபிடித்தவர் என் மைத்துனர், கணக்கு ஆசிரியர். இனி பொங்கல் வரை இதைச் சொல்லிக் காட்டுவார்.

ஜூன் 10

உடுமலையிலிருந்து ஒருவர்: "இவ்வளவு சுற்ற வேண்டாம். தமிழ் வரிசையை அப்படியே தலைகீழாக்கினால் ஆங்கிலம் வந்துவிடும். நான் இருபது வருடமாக அப்படித்தான்."

தம்பியின் கேள்வியிலேயே போட்டுப் பார்த்தேன். பி க்யூ ஆர் எஸ்ஸைத் தலைகீழாக்கினால் எஸ் ஆர் க்யூ பி. அது விடை இ. அதாவது, தமிழாக்கி அடுக்குபவனுக்கு அ-வில் பொறி, தலைகீழாக்குபவனுக்கு இ-யில் பொறி. கேள்வி எடுத்தவர் நம் பக்கத்து ஆளாக இருக்க வேண்டும்.

சரியான விடையை மறுபடி பாருங்கள்: க்யூ பி, எஸ் ஆர். தமிழில் இருந்த முதல் இரண்டு தங்களுக்குள் இடம் மாறின, அடுத்த இரண்டும் தங்களுக்குள் இடம் மாறின. விவசாயி இரண்டு மொழியிலும் முன்பாதியை விட்டு நகரவில்லை. முழுத் தலைகீழ் என்றால் அவரும் போய் வால்பக்கம் நிற்க வேண்டியிருக்கும்.

ஆனால் உடுமலைக்காரர் முழுக்கத் தவறு என்றும் சொல்ல மாட்டேன். 'மஞ்சள் சந்தையின் ஏலக் கூடத்தின் கதவின் பூட்டு' என்பதை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். தி லாக் ஆஃப் தி டோர் ஆஃப் தி ஆக்ஷன் ஹால் ஆஃப் தி டர்மரிக் மார்க்கெட். பூட்டிலிருந்து சந்தை வரை ஒவ்வொன்றும் தலைகீழ். பெயரைச் சுற்றிய தொடருக்குள் அவர் வழி செல்லும். வாக்கியம் முழுவதற்கும் இழுத்தால் கிழியும்.

ஜூன் 11

இந்தத் திசைக் கோளாறு எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால், அவமானப்பட்டுத்தான். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பதினான்கு வருடம் மெர்ச்சண்டைசர் வேலை. வெளிநாட்டு வாடிக்கையாளருக்குக் கடிதம் எழுதுவதுதான் பிழைப்பு. சேர்ந்த ஆறாவது மாதம், 'உங்கள் இன்ஸ்பெக்டர் சோதித்த நேவி ப்ளூ சட்டைகள் இன்று கிளம்புகின்றன' என்று எழுத நினைத்தேன். எழுதியது: தி ஷர்ட்ஸ் செக்ட் பை யுவர் இன்ஸ்பெக்டர் இன் நேவி ப்ளூ.

பதில் வந்தது. சட்டைகள் கிளம்புவது மகிழ்ச்சி, எங்கள் இன்ஸ்பெக்டர் அன்று என்ன நிறத்தில் உடுத்தியிருந்தார் என்ற விவரம் எங்களுக்குத் தேவையில்லை என்று.

முதலாளி அதைத் தாளில் எடுத்து என் மேசைக்கு மேலே ஒட்டி வைத்தார். தீபாவளி வரை இருந்தது.

தமிழில் 'நேவி ப்ளூ' சட்டைக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும், பிரிக்கவே முடியாது. ஆங்கிலத்தில் பின்னால் தள்ளியதும் அது பக்கத்தில் நின்ற இன்ஸ்பெக்டரைப் பிடித்துக்கொண்டது. யார் பக்கத்தில் நிற்கிறாரோ அவரைப் பிடிக்கும், அவ்வளவுதான். நம் மொழியில் 'பாம்பைக் கீரி கடித்தது' என்றாலும் 'கீரி பாம்பைக் கடித்தது' என்றாலும் செத்தது பாம்புதான், ஐ உருபு காப்பாற்றிவிடும். ஆங்கிலத்தில் இடம் மாறினால் ஆளே மாறிவிடுவார்.

ஜூன் 15

மாட்டிக்கொண்டேன்.

பொள்ளாச்சியில் ஆங்கிலம் கற்பிக்கும் ஓர் அம்மா எழுதியிருக்கிறார். க்யூ எஸ் ஆர் பி ஏன் தவறு என்று கேட்கிறார். தி ஃபார்மர், சோல்ட் ஹிஸ் புல்ஸ், டு தி சேம் டிரேடர், ஹூ ஹேட் கம் ஃப்ரம் காங்கேயம். விவசாயி தன் காளைகளைக் காங்கேயத்திலிருந்து வந்திருந்த அதே வியாபாரியிடம் விற்றார்.

தவறே இல்லை. அதுமட்டுமல்ல, அதுதான் இன்னும் பொருத்தம். 'சேம்' என்று சொன்னால் எந்தச் சேம் என்று காது கேட்கும், 'ஹூ' வந்து அதற்குப் பதில் சொல்லும். ஒரு வாரமாக நான் க்யூ பி எஸ் ஆர் ஒன்றுதான் வாக்கியம் என்பது போலப் பேசிக்கொண்டிருந்தேன். கேள்வியில் ஓட்டை இருக்கிறது. தம்பி தப்பித்தது எதனால் என்றால், நான்கு விடைகளில் க்யூ எஸ் ஆர் பி இல்லை. அதனால்தான் சொல்கிறேன்: மனதில் வாக்கியத்தைக் கட்டி முடித்துவிட்டு விடையைத் தேடாதே. விடைகளை முதலில் பார். நீ கட்டியது நல்ல வாக்கியமாக இருந்தும் அங்கே இல்லாமல் போகலாம், அந்த அதிர்ச்சியில் ஒரு நிமிடம் போய்விடும். உனக்கு ஒரு நிமிடம் கிடையாது: 60 நிமிடத்தில் 100 கேள்வி, ஒன்றுக்கு 36 நொடி.

அம்மாவுக்கு நன்றி. இப்போது காங்கேயத்திலிருந்து வந்தது யார் என்பதே சிக்கலாகிவிட்டது.

ஜூன் 22

வகுப்பில் நடந்ததை எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

பெருந்துறையில் என் வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமை ஏழெட்டுப் பேர் வருகிறார்கள். தினசரி நாட்காட்டியில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் துண்டுகளை எழுதி, கலைத்துத் தரையில் பரப்புவேன். இன்று ஆறு துண்டு: 'தி ரெயின்', 'தட் ஃபெல் லாஸ்ட் நைட்', 'ஸ்பாயில்ட் தி டர்மரிக்', 'கெப்ட் அவுட் டு டிரை', 'பிஹைண்ட் தி ஹவுஸ்', 'ஆஃப் மை அங்கிள்'.

பையன்கள் எல்லோரும் நான் சொல்லிக்கொடுத்தபடி முற்று வினையைத் தேடி, எழுவாயை வைத்து, இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது துண்டுக்குப் பிறகு தடுமாறினார்கள். வாரநாளில் பனியன் தைக்கும் பவர் டேபிளில் கைமடிக்கப் போகும் பெண் ஒருத்தி வருகிறாள். அவள் வரிசையைப் பற்றிக் கவலையே படவில்லை. 'ரெயின்' பக்கத்தில் 'தட் ஃபெல்' வைத்தாள், ஒதுக்கினாள். 'டர்மரிக்' பக்கத்தில் 'கெப்ட் அவுட்', ஒதுக்கினாள். 'ஹவுஸ்' பக்கத்தில் 'ஆஃப் மை அங்கிள்', ஒதுக்கினாள். தரையில் மூன்று சோடி. பிறகு மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிவிட்டாள். ராத்திரி பெய்த மழை மாமா வீட்டுக்குப் பின்னால் காயப்போட்ட மஞ்சளைக் கெடுத்துவிட்டது. பையன்கள் அப்போதும் நான்காவது துண்டில்தான் இருந்தார்கள்.

"எப்படி அம்மிணி?" என்றேன்.

"பனியனை மேலிருந்து கீழாகவா தைக்கிறோம் அண்ணா? முதலில் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் தோளில் மூட்டுவார்கள். பிறகு கழுத்துக்கு ரிப். கையை வைத்த பின்புதான் பக்கவாட்டில் மூட்டுவது. எது எதோடு சேரும் என்று பார்த்துக் கட்டுக் கட்டாக அடுக்கிக் கொடுப்பதுதானே எனக்கு வேலை?"

பதினான்கு வருடம் அந்தத் தையல் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்திருந்தவன் நான். எனக்குத் தோன்றவில்லை.

இரவு கணக்குப் போட்டேன். ஆறு துண்டு 720 வரிசை. மூன்று சோடியாகிவிட்டால் 6 வரிசைதான். (மைத்துனரிடம் காட்டிச் சரிபார்த்துவிட்டேன்.)

ஜூன் 23

ஆகவே ஜூன் 8-இல் 'இந்த ஒன்று போதும்' என்றது போதாது. முதலில் சோடி, பிறகு முற்று வினை.

ஜூன் 30

பவணந்தி முனிவர் பிறந்த ஊர் என்று நாங்கள் கொண்டாடும் சீனாபுரம், பெருந்துறைக்குப் பக்கம்தான். நேற்று அந்த வழியாக வண்டியில் வரும்போது தோன்றியது: நன்னூல்காரர் ஊரில் இருந்துகொண்டு, கலைந்த வாக்கியத்தைச் சேர்ப்பது ஏதோ சீமையிலிருந்து வந்த வித்தை போலப் பேசிக்கொண்டிருக்கிறோமே!

செய்யுளின் சொற்களைப் பொருள் புரியும்படி சேர்த்துக்கொள்ளும் முறையான பொருள்கோளைப் பள்ளியில் படித்தோம். நன்னூல் எட்டு என்கிறது. 'சுரை ஆழ அம்மி மிதப்ப' என்ற பழைய எடுத்துக்காட்டு நினைவிருக்கிறதா? சுரைக்காய் மூழ்குமாம், அம்மி மிதக்குமாம். அடுத்து யானைக்கு நீந்தும் ஆழம், முயலுக்கு நிலைகொள்ளும் ஆழம் என்று வரும். வகுப்பே சிரித்தது. தமிழ் ஐயா இரண்டு சோடியையும் பிரித்து மாற்றிப் போட்டார்: சுரை மிதக்க அம்மி ஆழ, யானைக்கு நிலை முயலுக்கு நீத்து. இதுதான் பி க்யூ ஆர் எஸ். விடை அ, ஆ, இ, ஈ மட்டும் இல்லை. கொண்டுகூட்டுப் பொருள்கோள் என்று பெயர்.

ஜூலை 1

பெயர் தவறு. 'சுரை ஆழ' மொழிமாற்றுப் பொருள்கோள். ஓர் அடிக்குள்ளேயே சொற்களை மாற்றிக்கொண்டால் மொழிமாற்று. பல அடிகளில் சிதறிக் கிடப்பதைக் கொண்டுவந்து கூட்டினால்தான் கொண்டுகூட்டு. திருத்திய தமிழாசிரியர், "முனிவர் ஊர்ப்பக்கம் இருந்துகொண்டு இப்படி எழுதலாமா ஐயா?" என்று முடித்திருக்கிறார். எழுதக் கூடாதுதான்.

அவர் திருத்தியதிலும் ஒரு லாபம் உண்டு. தம்பியின் தேர்வில் இரண்டு வகையும் வரும். ஒரே வாக்கியத்தை வெட்டிக் கலைத்தால் மொழிமாற்றின் பங்காளி. முழு வாக்கியங்களையே கலைத்துப் பத்தியாக்கச் சொன்னால் கொண்டுகூட்டுக்குப் பங்காளி. பின்னதில் இலக்கணம் அவ்வளவாக உதவாது. 'ஹி', 'திஸ்', 'தீஸ்', 'ஹவ்எவர்' போன்ற சொற்கள் யாரைத் திரும்பிப் பார்க்கின்றன என்று பார்க்க வேண்டும். 'ஹி' என்று தொடங்கும் வாக்கியத்துக்கு முன்னால் அந்த ஆளின் பெயர் வந்திருக்க வேண்டும். புது ஆளை 'ஏ' என்று அழைத்து வருவார்கள், அறிமுகமானவரை 'தி' என்பார்கள். 'ஏ ஃபார்மர்' முன்னே, 'தி ஃபார்மர்' பின்னே.

ஜூலை 6

என் காவல்காரர் விதிக்கு இன்னொரு அடி. கோபி தம்பியே போட்டான். துண்டுகள்: 'தி புல்ஸ்', 'சோல்ட் அட் அந்தியூர்', 'கேம் பேக்', 'டு காங்கேயம்'.

அண்ணா சொன்னபடி காவல் இல்லாத வினையைத் தேடினேன், இரண்டு கிடைக்கிறதே, 'சோல்ட்'டும் 'கேம்'மும் என்கிறான். உண்மை. இங்கே 'சோல்ட்' விற்றது இல்லை, விற்கப்பட்ட. 'விச் வேர்' என்ற காவல்காரர் இரண்டு பேரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள், வாசல் திறந்து கிடக்கிறது. அந்தியூரில் விற்ற காளைகள் காங்கேயத்துக்குத் திரும்பி வந்துவிட்டன.

இதற்குத்தான் தமிழ் உதவுகிறது என்று சொன்னால் அறைத்தோழன் சிரிப்பான், சிரிக்கட்டும். 'விற்ற காளைகள்' என்று சொல்லிப் பார்த்தால் அது பெயரெச்சம் என்று உடனே தெரிகிறது. காளை எதையும் விற்காது, அதனால் முற்றாக இருக்க முடியாது. அடுக்குவதற்குத் தமிழாக்காதே. எது முற்று, எது எச்சம் என்று சந்தேகம் வந்தால் அந்த ஒரு சோடியை மட்டும் தமிழாக்கிப் பார். ஜூன் 7-இல் இதை நான் தனியாகப் பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும்.

(அந்தியூரில் ஆடி மாதம் குருநாதசாமி கோயில் சந்தைக்குக் குதிரையும் காளையும் வரும். தம்பி எழுதியது அதை நினைத்துத்தான். போன வருடம் போனேன், தேர்வு பற்றி ஒரு நாள் முழுக்க நினைக்கவில்லை.)

ஜூலை 14

விடாதே என்றதற்குக் காரணம் சொல்வதாகச் சொல்லி ஒரு மாதம் ஆகிவிட்டது. எஸ்.எஸ்.சி. முதல் கட்டத்தில் ஆங்கிலம் 25 கேள்வி, 50 மதிப்பெண். சரிக்கு 2, தவறுக்கு 0.50 கழிவு. கண்ணை மூடிக்கொண்டு நான்கு கேள்விக்கு விடை போட்டு ஒன்று பலித்தால் 2 வரும், மூன்றுக்கு 1.50 போகும், அரை மதிப்பெண் கையில் நிற்கும். ஒரே ஒரு சோடி தெரிந்து இரண்டு விடைகளை அடித்துவிட்டாயானால், பாதி பலித்தாலும் நான்கு கேள்வியில் 3 மதிப்பெண் லாபம். இதை எப்படி விடுவது?

ராணுவ அதிகாரி வேலைக்கான சி.டி.எஸ். தேர்வு எழுதும் நண்பர்களுக்கு இது பொருந்தாது. அங்கே ஆங்கிலத் தாள் 2 மணி நேரம், 120 கேள்வி, 100 மதிப்பெண், தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு கழிவு. நான்கில் ஒன்று பலித்தால் வந்ததும் போனதும் சமம். கண்ணை மூடினால் காற்றுதான். ஒரு விடையையாவது அடித்த பிறகு கை வை.

தம்பி இப்போது ஐந்துக்கு நான்கு என்கிறான். தவறும் அந்த ஒன்று எப்போதும் 'ஒன்லி' வரும் கேள்வியாம். அது எனக்கும் தவறும், அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

ஜூலை 20

காங்கேயத்திலிருந்து வந்தது விவசாயியா வியாபாரியா என்று பொள்ளாச்சி அம்மா விடாமல் கேட்கிறார். சரி, தெரிந்தவரிடமே கேட்போம் என்று, மாட்டுத் தரகராக நாற்பது வருடம் இருந்த என் பெரிய மாமாவிடம் போனேன். கைமேல் துண்டைப் போட்டு, துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசிய தலைமுறை. வெளியே நிற்பவனுக்கு எந்த விரல் எத்தனை என்று தெரியாது.

நான்கு துண்டையும் தமிழில் சொன்னேன். இரண்டு விதமாகவும் அடுக்கிக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"வந்தது யாராகவாவது இருந்துவிட்டுப் போகட்டும் மாப்பிள்ளை. காளை சோடி என்ன விலைக்குப் போயிற்று?"

"அது வாக்கியத்தில் இல்லை மாமா."

"அப்படியானால் ஒரு துண்டு குறைகிறது, போய்த் தேடு" என்று சொல்லிவிட்டு வெற்றிலைப் பெட்டியை இழுத்துக்கொண்டார்.